பை நிறையச் சத்து, கண்டுக்குப் பசி

கடைக்கு வருகின்ற பொருளில் குறை இருந்தால் பெரும்பாலும் அது சீக்கிரம் தெரிந்துவிடும். அரிசியில் கல் கிடந்தால் சமைத்த அன்றே தெரியும். துணியில் சாயம் போனால் முதல் கழுவலிலேயே தெரியும். ஆனால் செடி வளர்க்கும் கலவையில் உள்ள குறை மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே வரும். அதற்குள் காசு கைமாறியிருக்கும், கண்டும் மஞ்சளாகியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது கடையிலேயே இது நடந்தது. "நூறு வீதம் சேதனம்" என்று அச்சிட்ட கலவைப் பைகளை ஒருவரிடம் மொத்தமாக எடுத்திருந்தோம். தும்புத்தூள், மரத்தூள், கொஞ்சம் மாட்டெரு. பார்வைக்குக் கறுப்பாக, பஞ்சு போல, நல்ல பொருளாகவே இருந்தது. நாற்றுமேடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் மிளகாய்க் கண்டு போடுவதற்காக அதில் கணிசமான அளவு வாங்கிச் சென்றார். இருபது நாள் கழித்து வந்தவர் கடை வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "நானா, ஒங்கட மண்ணுல போட்ட கண்டெல்லாம் மஞ்சளா நிக்கிது. வளருதும் இல்ல, சாகுதும் இல்ல. இத நான் யாருக்கு விக்கிற?"

கலவையில் ஏதோ மருந்து கலந்திருக்கிறது என்பது அவரது சந்தேகம். எமக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்டுகளைப் பார்த்த விவசாயப் போதனாசிரியர் சொன்ன காரணம் வேறு. "நஞ்சு ஒன்றும் இல்லை. இது பசி. பையில் சத்து இருக்கிறது, ஆனால் அதைக் கண்டுக்கு முன்னர் வேறு யாரோ சாப்பிடுகிறார்கள்" என்றார்.

அந்த "வேறு யாரோ" யார் என்பதை விளங்கிக்கொள்ளாமல் சேதனப் பசளை, கூட்டெரு, சாடிக் கலவை ஆகியவற்றில் வியாபாரம் செய்வது கணக்குப் புத்தகம் இல்லாமல் கடை நடத்துவது போன்றது. இன்று ஹாட்வெயார் கடையிலும் பலசரக்குக் கடையிலும்கூட இந்தப் பைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே விற்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய அளவுக்கு இதனைச் சொல்லிவைக்கலாம் என நினைக்கிறேன்.

இடையில் நிற்கும் தரகர்

பெரும்பாலும் செடி எருவை நேரடியாகச் சாப்பிடுவதில்லை. வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்த உப்புகளையே. நைதரசனை எடுத்துக்கொண்டால், அது பிரதானமாக அமோனியம், நைத்திரேற்று என்ற இரண்டு வடிவங்களில் வேருக்குள் செல்கின்றது. யூரியாவிலிருந்து இந்த வடிவங்கள் ஒரு சில நாட்களிலேயே கிடைத்துவிடும். ஆனால் மாட்டெருவிலும், இலையிலும், கூட்டெருவிலும் உள்ள நைதரசனின் பெரும்பகுதி புரதமாகவும் வேறு சிக்கலான பொருள்களாகவும் பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. அந்தப் பூட்டைத் திறப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள்: பக்றீரியாக்களும் பூஞ்சணங்களும்.

இவை எமது சந்தையில் நிற்கும் தரகர்களைப் போன்றவை. சரக்கு அவர்கள் கையால்தான் போகும். ஆனால் தமது பங்கை எடுத்துக்கொண்ட பின்னர்தான் மற்றவருக்குக் கொடுப்பார்கள். நுண்ணங்கிகள் காபனைத் தமது சக்திக்காகவும் உடலைக் கட்டுவதற்காகவும் சாப்பிடுகின்றன. உடலைக் கட்டுவதற்கு அவற்றுக்கு நைதரசனும் வேண்டும். சாப்பாட்டில் நைதரசன் தாராளமாக இருந்தால், மீதியை அமோனியமாக வெளியே விடும். வேறு வகைப் பக்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றும். செடிக்குக் கிடைப்பது இந்த மீதிதான். சாப்பாட்டில் நைதரசன் குறைவாக இருந்தாலோ, நுண்ணங்கிகள் கலவையில் ஏற்கெனவே கரைந்திருக்கும் நைதரசனையும் இழுத்துத் தமது உடலுக்குள் வைத்துக்கொள்ளும். அப்போது கண்டு பட்டினி கிடக்கும். எமது வாடிக்கையாளரின் மிளகாய்க் கண்டுகளுக்கு நடந்தது இதுவே.

வரவு செலவுக் கணக்கு

இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

காய்ந்த நிறையில் 100 கிலோ சேதனப் பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் காபன் 40 கிலோ. காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம் 80 இற்கு 1 என்றால், அதில் உள்ள நைதரசன் அரைக் கிலோ மாத்திரமே. நுண்ணங்கிகள் தாம் சாப்பிடும் காபனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடலாக்கிக்கொண்டு, மிகுதியைச் சுவாசமாக வெளியேற்றுகின்றன. அதாவது அந்த 40 கிலோவும் உக்கி முடியும்போது சுமார் 13 கிலோ காபன் அவற்றின் உடலில் சேரும். அவற்றின் உடலில் எட்டுக் கிலோ காபனுக்கு ஒரு கிலோ நைதரசன் என்ற அளவில் இருக்க வேண்டும். எனவே தேவைப்படும் நைதரசன் 1.6 கிலோ. பொருளில் இருப்பது 0.5 கிலோ. பற்றாக்குறை 1.1 கிலோ. இந்தக் கடனை நுண்ணங்கிகள் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

இனி விகிதம் 10 இற்கு 1 ஆக உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். காபன் 30 கிலோ, நைதரசன் 3 கிலோ. நுண்ணங்கிகளின் உடலுக்குப் போகும் காபன் 10 கிலோ. அதற்கு வேண்டிய நைதரசன் 1.25 கிலோ. மீதி 1.75 கிலோ செடிக்கு வரவு.

இரண்டுக்கும் இடையில் வரவும் செலவும் சமப்படும் இடம் ஏறக்குறைய 24 இற்கு 1. நடைமுறையில் 20 இற்குக் கீழே இருந்தால் கலவை கொடுக்கும் என்றும், 30 இற்கு மேலே இருந்தால் கலவை கடன் வாங்கும் என்றும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

எமக்குத் தெரிந்த பொருட்கள் இந்தத் தராசில் எங்கே நிற்கின்றன? கோழியெரு சுமார் 10 இற்கு அண்மையில். கிளிசரியா இலை 12 முதல் 15 வரை. மாட்டெரு 20 இற்கு அண்மையில். ஆனால் வைக்கோல் கலந்திருந்தால் இது கூடும். நன்கு உக்கிய கூட்டெரு 10 முதல் 20 வரை. வைக்கோல் 60, 80 என்று போகும். தும்புத்தூள் 100 இற்குக் கிட்ட. பச்சை மரத்தூள் பல நூறு. எமது கலவைப் பையில் முக்கால்வாசி மரத்தூளும் தும்புத்தூளும் என்றால், ஒரு பிடி மாட்டெரு அந்தக் கடனை எப்படி அடைக்கும்?

விகிதம் மாத்திரம் முழுக் கதையையும் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வேகமாக உக்குகிறது என்பதும் முக்கியம். தும்புத்தூளில் லிக்னின் என்ற கடினமான பொருள் அதிகம். அதனை நுண்ணங்கிகளால் இலகுவில் உடைக்க முடியாது. ஆகையால் அதன் விகிதம் பயமுறுத்துகின்ற அளவுக்கு அது நைதரசனை இழுப்பதில்லை, மெதுவாகத்தான் இழுக்கும். அதே காரணத்தினால்தான் தும்புத்தூள் சாடியில் நீண்டகாலம் அமுங்காமல் நிற்கின்றது.

தும்புத்தூளின் தனிக் குணம்

குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் தும்பாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் மலையாகக் குவிந்து கிடந்த கழிவு இது. இப்போது கட்டியாக அழுத்தப்பட்டுக் கொள்கலனில் ஏறுகின்றது. ஐரோப்பாவில் நாற்றுப் பண்ணைகள் நீண்டகாலமாகப் பாவித்தது 'பீட்' எனும் சதுப்புநில மண்ணை. அதை வெட்டுவதால் சதுப்பு நிலங்கள் அழிகின்றன என்ற எதிர்ப்பு வளர்ந்தது. அயர்லாந்தின் போர்ட் நா மோனா நிறுவனம் பீட் வெட்டுவதை முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டதாக 2021 இல் அறிவித்தது. தும்புத்தூளுக்குச் சந்தை திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் தும்புத்தூள் பசளை அல்ல. அது தண்ணீரையும் காற்றையும் பிடித்து வைத்திருக்கும் ஒரு பாத்திரம். தனது நிறையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைக்கூடத் தாங்கும். அதில் இயற்கையாக இருப்பது பொட்டாசியமும், சோடியமும், குளோரைட்டும். உவர் நீரில் ஊறவைத்த மட்டையில் இருந்து வந்தால் உப்பு மேலும் கூடும். தண்ணீரில் கழுவினால் கரைந்து நிற்கும் உப்பு போகும். ஆனால் தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. பிறகு நாம் கல்சியம் உள்ள பசளையைப் போடும்போது, தூள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விடுகின்றது. செடிக்குப் போக வேண்டிய கல்சியத்தைத் தூள் வாங்கிக்கொள்கின்றது. தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதற்கு இவ்வாறான கல்சியக் குறையும் ஒரு காரணமாகலாம்.

இதனால்தான் தரமான தூள் கேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கழுவியது மாத்திரம் போதாது, கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்துக் கழுவியது வேண்டும் என்கிறார்கள். ஊறவைக்கும்போதே தூளின் கல்சியப் பசி தீர்ந்துவிடும். உள்ளூரில் விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. வாங்குபவர்களும் கேட்பதில்லை. கழுவிய தூள், கழுவாத தூள், கல்சியத்தில் ஊறவைத்த தூள் ஆகிய மூன்றும் மூன்று சரக்குகள். ஒரே பெயரில், ஒரே விலையில் விற்கக்கூடாது.

பொட்டாசியத்தைப் பற்றி இன்னொன்று. நைதரசனைப் போல இது புரதத்துக்குள் பூட்டப்பட்டிருப்பதில்லை. இலையிலும் எருவிலும் கரைந்த நிலையில் இருப்பதால் தண்ணீர் பட்டவுடன் வெளியே வரும். நுண்ணங்கிகளுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இது நல்லதுதான். ஆனால் கூட்டெருவை மழையில் திறந்து போட்டால் முதலில் ஓடிப்போவதும் இதுவே. பொஸ்பரஸ் இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரு பகுதி விரைவாகவும், ஒரு பகுதி உக்கிய பின்னரும் வரும்.

வெப்பமும் ஈரமும்

நுண்ணங்கிகளின் வேலை வெப்பத்தைப் பொறுத்தது. சாதாரண அளவுகளுக்குள், வெப்பம் 10 பாகை கூடினால் உக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். கொழும்பின் சராசரி வெப்பம் 27 பாகைக்கு மேல். நுவரெலியாவில் 16 பாகை அளவுதான். ஒரே பை கூட்டெருவைக் கொழும்பில் ஒரு வீட்டுத்தோட்டத்திலும், நுவரெலியாவில் ஒரு மரக்கறித் தோட்டத்திலும் போட்டால், முதலாவதில் சத்து சீக்கிரம் வெளிவந்து சீக்கிரம் தீரும். இரண்டாவதில் மெதுவாக வரும். ஆகவே "மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள்" என்று எல்லா ஊருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்வது சரியல்ல.

ஈரமும் அப்படித்தான். கலவை முற்றாகக் காய்ந்தால் நுண்ணங்கிகள் உறங்கிவிடும். தண்ணீர் தேங்கிக் காற்று இல்லாமல் போனால், வேறு வகை நுண்ணங்கிகள் நைத்திரேற்றை வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். வேரும் மூச்சடைக்கும். நைத்திரேற்றுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அமோனியத்தைச் சேதனப் பொருள் பிடித்து வைத்திருக்கும், நைத்திரேற்றைப் பிடிக்காது. தினமும் சாடியின் அடியால் ஒழுகும்வரை தண்ணீர் ஊற்றுபவர் வெளிவந்த சத்தைத் தானே கழுவி விடுகிறார்.

2021 கற்றுத்தந்த பாடம்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அதே வருடம் நவம்பரில் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் சேதனப் பசளை என்ற பெயரில் கையில் கிடைத்ததெல்லாம் பையில் ஏறியதை நாம் பார்த்தோம். 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. சேதனப் பசளை கெட்டது என்பது இதன் அர்த்தமல்ல. கணக்கும் காலமும் பார்க்கப்படவில்லை என்பதே அர்த்தம்.

50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. கூட்டெருவில் காய்ந்த நிறையில் 1.5 வீதம் என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு ஏறக்குறைய 1,500 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் முதற் போகத்தில் வெளிவருவது ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அந்தப் போகத்திலேயே யூரியாவுக்கு ஈடுகட்ட 7,600 கிலோ வரை தேவைப்படும். ஒரு மூடைக்குப் பதிலாக ஒரு லொறி. மீதி நைதரசன் அழிந்து போவதில்லை. அடுத்தடுத்த போகங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மண் தண்ணீரைப் பிடிக்கும், இறுக்கம் தளரும், வேறு சத்துகளும் சேரும். இது நீண்டகால வைப்புப் போன்றது. நாளைக்குக் காசோலை மாற வேண்டியவர் நீண்டகால வைப்பை நம்பி நிற்க முடியாது. அதேவேளை நீண்டகால வைப்பே இல்லாதவரின் வியாபாரமும் நிலைக்காது.

பையை வாங்கும் முன்னர்

ஆய்வுகூடம் இல்லாமலே ஒரு வியாபாரி செய்யக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன.

முதலாவது, மூக்கு. நன்கு உக்கிய கலவையில் மழைக்குப் பின்னரான மண் வாசனை வரும். அமோனியாவின் காரமோ, புளித்த நாற்றமோ வந்தால் அது இன்னும் முதிரவில்லை.

இரண்டாவது, பொலித்தீன் பை. கலவையைப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வரும் அளவுக்கு நனைத்து, பையில் கட்டி, நிழலில் ஒரு கிழமை வையுங்கள். திறக்கும்போது சூடும் நாற்றமும் இருந்தால் உக்குதல் இன்னும் முடியவில்லை. ஆனால் சிறிய பையில் சூடு தங்காது என்பதால் குவியலின் நடுவிலும் கையை வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, விதை. ஒரு சட்டியில் இந்தக் கலவையையும், மற்றொன்றில் நீங்கள் நம்பும் பழைய கலவையையும் நிரப்பி, இரண்டிலும் இருபது இருபது கீரை விதை போடுங்கள். முளைத்த எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு மூன்று வாரம் விட்டுவையுங்கள். அடி இலை முதலில் மஞ்சளானால் அது பெரும்பாலும் நைதரசன் பசி. செடி பழைய இலையிலிருந்து நைதரசனை எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கின்றது. இலை ஓரம் கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள்.

நான்காவது, தூளில் தொடர்ந்து வியாபாரம் செய்பவர்கள் நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு மீற்றர் ஒன்றை வைத்திருக்க வேண்டும். உப்பு எவ்வளவு என்பதை அது உடனே காட்டிவிடும்.

கூட்டெருவுக்கென இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் எஸ்.எல்.எஸ். 1246 என்ற தரம் 2003 இல் வந்தது. மொத்தமாக எடுக்கும்போது, காபன் - நைதரசன் விகிதமும் ஈரப்பதமும் குறிப்பிட்ட பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஈரப்பதம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிலோக் கணக்கில் வாங்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

களஞ்சியத்திலும் கவனம் வேண்டும். மழையில் நனைந்தால் சத்து ஓடும். ஈரமாகவே இறுக்கிக் கட்டி அடுக்கினால் காற்றில்லாமல் புளிக்கும். கூரையின் கீழ், சிறு துளையிட்ட பைகளில், பழையதை முன்னுக்கு வைத்து விற்பதே நல்லது.

முதிராத கலவை கையில் சிக்கிவிட்டால் அதை வீசத் தேவையில்லை. கோழியெருவோ கிளிசரியா இலையோ கலந்து, ஈரலிப்பாக வைத்து, கிழமைக்கு ஒருமுறை புரட்டிவந்தால் அது முதிரும். எத்தனை கிழமை என்பதை நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்காமல், மேற்சொன்ன சோதனைகளைக் கொண்டு தீர்மானியுங்கள்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது

எமது வாடிக்கையாளருக்குப் பைகளின் காசைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அவர் இழந்தது பைகளின் காசு மாத்திரமல்ல. விதை, கூலி, மூன்று வாரம், கண்டு தருவதாக அவர் கொடுத்திருந்த வாக்கு. எல்லாம் போய்விட்டது. நாம் விற்ற பொருளின் விலையைவிட அது பல மடங்கு. போதனாசிரியர் சொன்னபடி யூரியாவை மிக ஐதாகக் கரைத்து ஊற்றியதில் பாதிக் கண்டுகள் பச்சை பிடித்தன. மீதியை அவர் விற்கவில்லை.

அதன் பின்னர் எமது கடையில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். கலவை கேட்டு வருபவரிடம் முதலில் "எதற்கு?" என்று கேட்போம். நாற்றுப் போடுபவருக்கு நன்கு முதிர்ந்தது மாத்திரமே கொடுப்போம். ஏனென்றால் சின்னக் கிண்ணத்தில் நிற்கும் கண்டுக்குக் காத்திருக்க நேரமில்லை. பெரிய சாடியில் மாதக்கணக்கில் வளர்ப்பவருக்கு மெதுவாகக் கொடுக்கும் கலவை பொருந்தும். மரக்கன்று நடுபவருக்குக் குழியில் போடும் கூட்டெருவைச் சொல்வோம். வெறும் தும்புத்தூள் கேட்பவரிடம் "இதில் சாப்பாடு இல்லை, பசளை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்" என்று சொல்லியே கொடுப்போம். இப்படிச் சொல்வதால் சில நேரம் விற்பனை தவறும். அன்று வாங்காமல் போனவர்களில் பலர் பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள்.

"சேதனம்" என்ற சொல் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கின்றது. அது எப்போது கொடுக்கும், எவ்வளவு கொடுக்கும், முதலில் யாருக்குக் கொடுக்கும் என்பதைப் பையில் எவரும் அச்சிடுவதில்லை. ஆகவே அதைச் சொல்ல வேண்டியவர் கல்லாவில் இருக்கும் நாம்தான்.